எல்எஸ்டி என்று விற்கப்பட்ட 'என்-பாம்': ஒரு சின்ன காகிதத் துண்டு உயிரைப் பறித்தது எப்படி?

பார்ப்பதற்கு ஒரு தபால் தலையில் கால்வாசி கூட இருக்காது. வண்ணப் படம் அச்சிட்ட சின்னக் காகிதத் துண்டு. விற்பவர் சொல்வது "எல்எஸ்டி". வாங்குபவர் நம்புவதும் அதைத்தான். ஆனால் அந்தக் காகிதத்தில் ஊறியிருப்பது வேறு ஒன்று.

2010-க்குப் பிறகு அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் மருத்துவமனைகளையும் போலீஸாரையும் குழப்பிய அந்தப் பொருளின் பெயர் 25ஐ-என்பிஓஎம்இ. தெருப் பெயர் 'என்-பாம்'. விற்பனைக்கு வந்தபோது இதை மனிதர்களிடம் முறையாகப் பரிசோதித்த மருத்துவ ஆய்வு ஒன்றுகூட கிடையாது. அதற்குள் மரணங்கள் வரத் தொடங்கிவிட்டன.

இந்தப் பொருள் எங்கே பிறந்தது? எல்எஸ்டியிலிருந்து எப்படி வேறுபடுகிறது? விஞ்ஞானிகளுக்கு இதைப் பற்றி என்ன தெரியும்? விரிவாகப் பார்க்கலாம்.

என்-பாம் என்றால் என்ன?

இது இயற்கையில் எந்தச் செடியிலும் காளானிலும் கிடைப்பதில்லை. முழுக்க முழுக்க ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட செயற்கை வேதிப்பொருள். இல்லாத காட்சிகளைப் பார்ப்பது, நிறங்களும் ஒலிகளும் மாறித் தெரிவது, நேரம் பற்றிய உணர்வு குலைவது போன்ற விளைவுகளை உண்டாக்கும் 'சைக்கடெலிக்' வகையைச் சேர்ந்தது.

எல்எஸ்டியும் சைக்கடெலிக் வகைதான். ஆனால் வேதியியல் குடும்பம் வேறு. எல்எஸ்டி, தானியக் கதிர்களில் வளரும் எர்காட் என்ற பூஞ்சையின் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டது. என்-பாம் 'ஃபெனெதிலமைன்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்கப் பாலைவனத்தில் வளரும் பெயோட்டி கள்ளிச்செடியில் இருக்கும் மெஸ்கலின் இந்தக் குடும்பத்தின் பழைய உறுப்பினர்.

சுருக்கமாகச் சொன்னால், விளைவு ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிரச்சினையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெயரில் இருக்கும் '25' எதைக் குறிக்கிறது?

இந்தப் பெயர் ஒரு முகவரி மாதிரி. மூலக்கூறின் வளையத்தில் 2-வது, 5-வது இடங்களில் 'மெத்தாக்ஸி' என்ற அணுத்தொகுதி உட்கார்ந்திருக்கிறது. அதனால் 2, 5. அடுத்து வரும் 'ஐ' அயோடினைக் குறிக்கும். 'என்பிஓஎம்இ' என்பது மூலக்கூறின் நைட்ரஜன் பக்கத்தில் கூடுதலாக ஒட்டவைக்கப்பட்ட வாலைக் குறிக்கிறது.

அயோடினுக்குப் பதிலாக புரோமின் இருந்தால் 25பி-என்பிஓஎம்இ. குளோரின் இருந்தால் 25சி-என்பிஓஎம்இ. ஒரே ஒரு அணு மாறினால் பெயர் மாறும், வீரியமும் கொஞ்சம் மாறும். இதனால்தான் 'என்-பாம்' என்பதை ஒரே பொருளாகப் பார்க்காமல் ஒரு குடும்பமாகவே பார்க்கிறார்கள்.

எங்கே, எதற்காக உருவாக்கப்பட்டது?

கதை அமெரிக்க வேதியியலாளர் அலெக்சாண்டர் ஷுல்கினிடம் தொடங்குகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட சைக்கடெலிக் பொருட்களை உருவாக்கியவர் அவர். அதில் ஒன்று 2சி-ஐ. அவரும் அவருடைய மனைவி ஆன் ஷுல்கினும் 1991-ல் வெளியிட்ட 'பிகால்' என்ற புத்தகத்தில் இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது.

அடுத்த கட்டம் ஜெர்மனியில். பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ரால்ஃப் ஹைம், 2சி வகை மூலக்கூறுகளின் நைட்ரஜன் முனையில் ஒரு கூடுதல் பகுதியைச் சேர்த்துப் பார்த்தார். அதில் பிறந்ததுதான் என்-பாம் குடும்பம். 2000-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு இது.

அவர் போதைப்பொருள் தயாரிக்க முயலவில்லை. மூளையில் இருக்கும் செரோடோனின் ஏற்பிகளில் ஒரு குறிப்பிட்ட வகையை மட்டும் குறிபார்த்துத் தொடும் கருவி வேண்டும் என்பதே அந்த ஆய்வின் நோக்கம். ஒரு பெரிய கட்டடத்தில் ஒரே ஒரு அறையின் பூட்டை மட்டும் திறக்கும் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை இந்த மூலக்கூறு நன்றாகவே செய்தது.

பிறகு அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் டேவிட் நிக்கோல்ஸின் குழு இதை மேலும் ஆராய்ந்தது. இந்தச் சாவி அந்தப் பூட்டில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது, ஏன் பொருந்துகிறது என்பதை அவர்களின் ஆய்வுக் கட்டுரைகள் விளக்கின. எல்லாமே சோதனைக்குழாயிலும் விலங்குகளிலும் நடந்த ஆய்வுகள். மனிதனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும், எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

ஆய்வகத்திலிருந்து தெருவுக்கு வந்தது எப்படி?

ஆய்வுக் கட்டுரைகள் எல்லோரும் படிக்கக் கூடியவை. நல்ல ஆராய்ச்சியாளர்கள் படிப்பது போலவே, சட்டத்தின் ஓட்டைகளைத் தேடுபவர்களும் படித்தார்கள்.

2000-களின் இறுதியில் ஒரு புதிய வியாபாரம் வளர்ந்துகொண்டிருந்தது. தடைப்பட்டியலில் பெயர் இல்லாத போதைப்பொருளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, அதைத் தயாரித்து, "ஆராய்ச்சிக்கான வேதிப்பொருள், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று லேபிள் ஒட்டி இணையத்தில் விற்பது. அரசு அதைத் தடை செய்வதற்குள் அடுத்த பொருளுக்குத் தாவிவிடுவது. இவற்றுக்கு 'புதிய மனமாற்றப் பொருட்கள்' என்ற பொதுப்பெயரே வந்துவிட்டது.

என்-பாம் இணையத்தில் விற்பனைக்கு வந்தது 2010 வாக்கில். விற்பவர்களுக்கு இது பல வகையில் வசதி. சட்டத்தில் பெயர் இல்லை. விலை குறைவு. மிகச் சின்ன அளவே போதும் என்பதால் ஒரு சாதாரண தபால் உறையிலேயே ஆயிரக்கணக்கானோருக்குப் போதுமான அளவை அனுப்பிவிட முடியும்.

எல்எஸ்டி என்று ஏமாற்ற முடிந்தது ஏன்?

பெரும்பாலான போதைப்பொருட்களை ஒரு சின்னக் காகிதத் துண்டில் ஊறவைத்து விற்க முடியாது. காரணம், அவை வேலை செய்ய பல மில்லிகிராம் தேவைப்படும். அவ்வளவையும் அந்தக் காகிதம் தாங்காது.

எல்எஸ்டி அப்படி இல்லை. ஒரு துண்டில் இருப்பது சுமார் 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் அது காகித வடிவில் பிரபலமானது. 'காகிதத்தில் இருந்தால் அது எல்எஸ்டிதான், வேறெதுவும் அதில் நிற்காது' என்ற நம்பிக்கை பல ஆண்டுகள் இருந்தது.

அந்த நம்பிக்கையை உடைத்தது என்-பாம். இதன் வீரியமும் மில்லிகிராமுக்குக் கீழேதான். அதன் மூதாதையான 2சி-ஐ வேலை செய்ய 14 முதல் 22 மில்லிகிராம் வேண்டும் என்று ஷுல்கின் எழுதியிருக்கிறார். என்-பாம் ஒரு மில்லிகிராமைத் தொடுவதற்கு முன்பே ஆபத்தான பகுதிக்குப் போய்விடும். எனவே எல்எஸ்டி மாதிரியே காகிதத்தில் ஊறவைத்து, எல்எஸ்டி என்றே விற்றுவிட்டார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எல்எஸ்டிக்குக் குறிப்பிடத்தக்க சுவை கிடையாது. என்-பாம் கசக்கும், சில நேரம் நாக்கு மரத்துப்போகும். ஆனால் இதை ஒரு பாதுகாப்புச் சோதனையாக எடுத்துக்கொள்ளவே கூடாது. கசப்பு தெரியும் நேரத்தில் பொருள் ஏற்கனவே வாயின் உட்தோல் வழியாக ரத்தத்தில் கலக்க ஆரம்பித்திருக்கும்.

மூளையில் என்ன நடக்கிறது?

செரோடோனின் என்பது நம் நரம்புகளுக்குள் செய்தி கொண்டுபோகும் ஒரு வேதிப்பொருள். தூக்கம், பசி, மனநிலை, உடல் வெப்பம் என்று பல விஷயங்களில் இதற்குப் பங்கு உண்டு. அது போய் ஒட்டும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். அதில் ஒரு வகை '5-எச்டி2ஏ'. சைக்கடெலிக் பொருட்கள் எல்லாமே முக்கியமாக வேலை செய்வது இந்த ஏற்பியில்தான்.

எல்எஸ்டி இந்த ஏற்பியை ஓரளவுக்குத்தான் முடுக்கிவிடும். ஒரு குழாயைப் பாதி திறப்பது மாதிரி. என்-பாம் அதைவிட வலுவாகத் திறக்கிறது. ஏற்பியோடு ஒட்டும் இறுக்கமும் மிக அதிகம். கொஞ்சம் கூடினாலும் விளைவு பல மடங்கு தெரிவதற்கு இது ஒரு காரணமாகப் பார்க்கப்படுகிறது.

இந்த ஏற்பி மூளையில் மட்டும் இருப்பதில்லை. ரத்தக் குழாய்களின் சுவரிலும், ரத்தத் தட்டணுக்களிலும் இருக்கிறது. அங்கே இது தூண்டப்பட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதாவது, 'தலைக்குள் நடக்கும் விஷயம்' என்று நினைத்து எடுத்துக்கொள்வது, இதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே தாக்குகிறது.

உடம்பு எப்படிப் பாதிக்கப்படுகிறது?

மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் பதிவு செய்த அறிகுறிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் இருக்கின்றன.

• இதயத் துடிப்பு மிக வேகமாவது, ரத்த அழுத்தம் ஏறுவது
• கட்டுக்கடங்காத பதற்றம், மூர்க்கம், சுற்றி இருப்பவர்களை அடையாளம் தெரியாமல் போவது
• உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு உயர்வது
• வலிப்பு
• தசைகள் சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலப்பது, அதனால் சிறுநீரகம் செயலிழப்பது
• ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவது

இவை ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. வலிப்பும் மூர்க்கமும் தசைகளை ஓயாமல் இயக்கும். தசை இயங்க இயங்க வெப்பம் ஏறும். வெப்பம் ஏற ஏற தசை சிதையும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். இந்தச் சங்கிலியை எந்த இடத்திலாவது அறுத்தாக வேண்டும். அதுதான் சிகிச்சை.

இதற்கென்று தனி மாற்று மருந்து எதுவும் இல்லை. பதற்றத்தையும் வலிப்பையும் அடக்க 'பென்சோடயசிபைன்' வகை மருந்துகள், உடலைக் குளிர வைப்பது, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவது, தேவைப்பட்டால் செயற்கை சுவாசம் என்று அறிகுறிகளைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் சமாளிக்கிறார்கள். சரியான நேரத்தில் வந்தவர்கள் பலர் பிழைத்திருக்கிறார்கள்.

இங்கே எல்எஸ்டியோடு ஒரு ஒப்பீடு அவசியம். எல்எஸ்டியின் நச்சுத்தன்மையால் மட்டுமே நேரடியாக ஒருவர் இறந்ததாக உறுதியான சம்பவங்கள் மிக மிக அரிது. இதனால் எல்எஸ்டி பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. அதன் பிடியில் இருப்பவர் விபத்தில் சிக்கலாம், மனநோய் தூண்டப்படலாம், சட்டப்படியும் குற்றம். ஆனால் 'இதனால் யாரும் சாவதில்லை' என்று எல்எஸ்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதை நம்பி, என்-பாம் ஊறிய காகிதத்தை நாக்கில் வைத்தவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள்.

கிராண்ட் ஃபோர்க்ஸில் என்ன நடந்தது?

2012 ஜூன் மாதம். அமெரிக்காவின் வடக்கு டகோடா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸ், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மினசோட்டாவில் இருக்கும் கிழக்கு கிராண்ட் ஃபோர்க்ஸ். இரண்டும் ஒட்டியிருக்கும் சிறு நகரங்கள். சில நாள் இடைவெளியில் இரண்டு பதின்ம வயதுப் பையன்கள் இறந்தார்கள். ஒருவருக்கு 18 வயது, இன்னொருவருக்கு 17.

விசாரணை உள்ளூரோடு நிற்கவில்லை. இணையம் வழியாக வாங்கப்பட்ட பொருள் என்பதால் தடம் பல மாநிலங்களைத் தாண்டிப் போனது. கடைசியில் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் இருந்து இயங்கிய ஒரு இணைய விற்பனை நிறுவனத்தில் போய் நின்றது. அதை நடத்தியவர்களில் ஒருவருக்கு 20 ஆண்டுகளுக்கும் மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. "மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற லேபிள் அவரைக் காப்பாற்றவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஒரு இசை விழாவில் 21 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொட்டு என்று உடன் இருந்தவர்கள் கூறியதாக அப்போது செய்திகள் வெளியாகின.

ஒரு சொட்டில் எப்படி? கணக்கு ரொம்ப எளிது. நாம் சாதாரணமாகப் போடும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் மருந்தின் 500-ல் ஒரு பங்குதான் ஒரு மில்லிகிராம். அதைவிடக் குறைவான அளவைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது. வீட்டு எடைக்கருவிக்கும் அது தெரியாது. திரவத்தில் கரைக்கும்போது சரியாகக் கலக்கவில்லை என்றால், ஒரு சொட்டில் ஒன்றுமே இருக்காது, அடுத்த சொட்டில் பல மடங்கு இருக்கும். காகிதத்திலும் அதே நிலைமைதான். ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துண்டுகளில் அளவு வேறு வேறாக இருக்கலாம்.

மெல்போர்னில் ஐந்து மரணங்கள்

என்-பாம் எல்எஸ்டி வேடத்தில் மட்டும் வரவில்லை. 2017 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், சேப்பல் தெரு பகுதியின் கேளிக்கை விடுதிகளுக்குப் போனவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். சுமார் 20 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அவர்கள் வாங்கியது எம்டிஎம்ஏ என்று நினைத்து. கேப்சூலுக்குள் இருந்ததோ 25சி-என்பிஓஎம்இயும், 4-ஃப்ளூரோஆம்ஃபெட்டமைன் என்ற இன்னொரு பொருளும் கலந்த தூள்.

2016 ஜூலை முதல் 2017 ஜனவரி வரை இதே கலவையால் நடந்த ஐந்து மரணங்களை விக்டோரியா மாநிலத்தின் மரண விசாரணை நீதிமன்றம் ஒன்றாக விசாரித்தது. இறந்த ஐந்து பேருமே ஆண்கள். 2021-ல் வெளியான முடிவில் முக்கியமான பரிந்துரைகள் இரண்டு. ஒன்று, மக்கள் தங்களிடம் இருக்கும் பொருளைக் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பரிசோதிக்கும் சேவை. இரண்டாவது, சந்தையில் ஆபத்தான கலவை வந்தால் உடனே எல்லோரையும் எச்சரிக்கும் அமைப்பு.

இதை எதிர்த்தவர்கள், பரிசோதனை மையம் திறப்பது போதைப்பொருளுக்கு அனுமதி கொடுப்பது போல ஆகிவிடும் என்றார்கள். ஆதரித்தவர்கள், தெரியாத பொருளை விழுங்கிச் சாவதைத் தடுப்பதுதான் முதல் வேலை என்றார்கள். விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. கடைசியில் 2024-ல் விக்டோரியா அரசு சட்டம் கொண்டுவந்து, அந்த ஆண்டின் இறுதியில் சோதனை முயற்சியைத் தொடங்கியது.

சட்டம் எப்போது விழித்தது?

• 2013 ஜூன்: பிரிட்டன் தற்காலிகத் தடை விதித்தது. ஒரு வருடம் கழித்து, மிகக் கடுமையான 'ஏ' பிரிவில் சேர்த்தது.

• 2013 நவம்பர்: அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை 25ஐ, 25பி, 25சி மூன்றையும் அவசரகால அதிகாரத்தைப் பயன்படுத்தி முதல் பட்டியலில் சேர்த்தது. 15 முதல் 29 வயதுக்குட்பட்ட பத்துக்கும் மேற்பட்டோரின் மரணங்களோடு இவை தொடர்புபடுத்தப்பட்டதை அது காரணமாகக் காட்டியது.

• 2014 செப்டம்பர்: ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகள் எல்லாவற்றிலும் 25ஐ-என்பிஓஎம்இயைக் கட்டுப்படுத்த முடிவெடுத்தது.

• 2015 மார்ச்: உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தபடி, ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் மூன்றையும் 1971-ம் ஆண்டு மனமாற்றப் பொருட்கள் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்த்தது.

இணையத்தில் வந்தது 2010 வாக்கில். உலக அளவில் தடை வந்தது 2015-ல். இடையில் ஐந்து ஆண்டுகள். இந்த இடைவெளியில்தான் மேலே சொன்ன அமெரிக்க மரணங்கள் நடந்தன. மெல்போர்ன் மரணங்களோ தடைக்குப் பிறகு நடந்தவை. ஒரு பெயரைப் பட்டியலில் சேர்ப்பதால் மட்டும் பொருள் சந்தையிலிருந்து மறைந்துவிடுவதில்லை என்பதற்கு அது உதாரணம்.

தடைக்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. மூலக்கூறை லேசாக மாற்றி 'என்பிஓஎச்' என்ற அடுத்த வகை வந்தது. பிரேசிலில் பறிமுதல் செய்யப்பட்ட காகிதத் துண்டுகளில் இவை கண்டுபிடிக்கப்பட்டன. தடயவியல் ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் ஒரு கருவியில், சூட்டில் இந்த மூலக்கூறு உடைந்து பழைய 2சி வகை மாதிரியே தெரிந்தது. வேறு முறையில் சோதித்த பிறகுதான் உண்மை வெளிவந்தது.

பரிசோதனையில் ஏன் சிக்குவதில்லை?

மருத்துவமனைகளில் செய்யப்படும் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை, கஞ்சா, கோகைன், ஓபியம் வகை, ஆம்ஃபெட்டமைன் போன்ற வழக்கமான பொருட்களைத் தேடும். என்-பாம் அதில் தெரியாது. உடம்பில் இருக்கும் அளவும் மிக மிகக் குறைவு. நிறைநிறமாலை போன்ற நுட்பமான கருவிகள் இருக்கும் ஆய்வகத்தில்தான் உறுதி செய்ய முடியும். முடிவு வர நாட்கள் ஆகலாம்.

அதனால் அவசரப் பிரிவு மருத்துவருக்கு அந்த நேரத்தில் கையில் இருப்பது, நோயாளியின் அறிகுறியும் உடன் வந்தவர்கள் சொல்லும் தகவலும்தான். 'எல்எஸ்டி எடுத்தான்' என்று நண்பர்கள் சொன்னாலும், அது நிஜமாகவே எல்எஸ்டிதானா என்று யாருக்கும் தெரியாது.

விஞ்ஞானத்துக்கு இதனால் பயன் உண்டா?

உண்டு. கேட்க ஆச்சரியமாக இருக்கும், ஆனால் உண்மை.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள், 25பி-என்பிஓஎம்இயில் கதிரியக்கக் கார்பனைச் சேர்த்து 'சிம்பி-36' என்ற பொருளை உருவாக்கினார்கள். முதலில் பன்றிகளில் சோதித்துவிட்டு, பிறகு போதை விளைவு எதையும் தராத நுண்ணிய அளவில் தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார்கள். 'பெட்' ஸ்கேன் எடுக்கும்போது, உயிரோடு இருக்கும் மனிதனின் மூளையில் 5-எச்டி2ஏ ஏற்பிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று படமாகவே பார்க்க முடிகிறது.

2020-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பிரையன் ராத் தலைமையிலான குழு, இந்த ஏற்பியின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது. ஏற்பி முழுமையாக இயங்கும் நிலையைப் படம்பிடிக்க அவர்கள் பயன்படுத்தியது, என்-பாமுக்கு நெருங்கிய உறவான 25சிஎன்-என்பிஓஎச் என்ற மூலக்கூறு. மனச்சோர்வுக்கு சைக்கடெலிக் வகை மருந்துகள் உதவுமா என்று உலகம் முழுக்க நடக்கும் ஆராய்ச்சிகளுக்கு இப்படிப்பட்ட அடிப்படைத் தகவல்கள் தேவை.

ஆக, ரால்ஃப் ஹைம் தேடிய கருவி வேலை செய்கிறது. ஆய்வகத்தில் அளந்து, கண்காணித்து, மிகக் குறைவாகப் பயன்படுத்தும்போது அது ஒரு கருவி. அளவு தெரியாமல், பெயரும் தெரியாமல் நாக்கில் வைக்கும்போது அது விஷம்.

கண்டுபிடித்தவர்கள் மீது பழி போடலாமா?

இந்தக் கேள்வியை டேவிட் நிக்கோல்ஸே தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார். 2011-ல் 'நேச்சர்' இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய ஆய்வகம் 1990-களில் ஆராய்ந்த 'எம்டிஏ' என்ற வேறொரு பொருளை யாரோ மாத்திரையாக்கி விற்றதையும், அதனால் உயிர்கள் போனதையும் அதில் வெளிப்படையாகப் பேசினார். மருத்துவப் பயன் இருக்குமா என்று தேடிய ஒரு வேலை, தனக்குத் தெரியாமலேயே உயிரிழப்பில் முடிந்தது தன்னை உறுத்துவதாக அவர் எழுதினார்.

ஆராய்ச்சி முடிவுகளை மறைத்து வைத்தால் அறிவியல் நின்றுவிடும். வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் எளிதான பதில் இன்னும் யாரிடமும் இல்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் ஊர்ச் செய்திகளில் 'எல்எஸ்டி ஸ்டாம்ப் பறிமுதல்' என்ற வரியை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமாற்றப் பொருட்கள் சட்டத்தின்படி, எல்எஸ்டியில் 'வணிக அளவு' என்பது வெறும் 0.1 கிராம். அந்த அளவுக்கு மேல் பிடிபட்டால் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல் தண்டனை. 'விளையாட்டுக்கு ஒரு ஸ்டாம்ப்' என்று ஆரம்பிப்பவர்களுக்கு இது எவ்வளவு சின்ன அளவு என்பது தெரிவதில்லை.

அதே சட்டத்தின் 64ஏ பிரிவு இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்த அல்லது பயன்படுத்திய வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையான ஒருவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு பெற வாய்ப்பு உண்டு.

யாராவது இப்படிப் பாதிக்கப்பட்டால் என்ன செய்வது?

• உடனே 108-க்கு அழையுங்கள். 'கொஞ்ச நேரத்தில் தெளிஞ்சிடும்' என்று காத்திருக்க வேண்டாம். வலிப்பு, உடம்பு கொதிப்பது, மூச்சுத் திணறல், நினைவு தப்புவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அவசர நிலை.

• சத்தமும் வெளிச்சமும் குறைந்த இடத்துக்கு அழைத்துப் போங்கள். மெதுவாகப் பேசுங்கள். பலர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க வேண்டாம். திமிறத் திமிற உடல் வெப்பம் ஏறும்.

• உடம்பு சூடாக இருந்தால் கனமான உடைகளைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, விசிறிவிடுங்கள்.

• நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள்.

• மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். என்ன எடுத்தார், எப்போது, எவ்வளவு, கூடவே மது குடித்தாரா, வேறு மருந்து சாப்பிடுகிறாரா என்பது எல்லாமே முக்கியம். மீதமிருக்கும் காகிதமோ தூளோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பயந்து மறைக்கும் பத்து நிமிஷம் ஒரு உயிரின் விலையாக இருக்கலாம்.

போதைப் பழக்கத்திலிருந்து விடுபட ஆலோசனை தேவைப்பட்டால், மத்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

சுருக்கமாக...

• என்-பாம் என்பது எல்எஸ்டி அல்ல. வேதியியலும் வேறு, ஆபத்தும் வேறு.

• மூளை ஆய்வுக்கான கருவியாகப் பிறந்தது. மனிதப் பரிசோதனை எதுவும் இல்லாமலே தெருவுக்கு வந்தது.

• மில்லிகிராமுக்குக் கீழே வேலை செய்வதால், அளவு தப்புவது மிகச் சுலபம்.

• மாற்று மருந்து இல்லை. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது. சீக்கிரம் மருத்துவமனைக்குப் போவதுதான் ஒரே வழி.

கிராண்ட் ஃபோர்க்ஸ் பையன்களும், மெல்போர்னில் இறந்தவர்களும் தாங்கள் என்ன எடுத்துக்கொள்கிறோம், அதில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாமலே எடுத்துக்கொண்டவர்கள். விற்றவருக்கும் பல நேரம் அது தெரிந்திருக்காது. காகிதத்தின் மேல் அச்சிட்ட படத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அதற்குள் என்ன ஊறியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.